விரிசல் வளர்ச்சிச் சோதனை: அளவைக் கெடுக்கும் தவறுகள்

உலோகச் சோர்வால், அதாவது சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதால், விரிசல் வளரும் வேகத்தை அளக்கும் சோதனையில் மிகப் பெரிய தவறு, முன்விரிசலை (அளக்கத் தொடங்கும் முன் துண்டில் உண்டாக்கும் தொடக்க விரிசலை) அவசரமாக உண்டாக்குவதுதான். துண்டில் வெட்டிய காடியின் (பள்ளத்தின்) முனையிலிருந்து விரிசல் சீக்கிரம் கிளம்பட்டும் என்று சுமையைக் கூட்டி வைத்தால், முனையைச் சுற்றியுள்ள உலோகம் மீளாத அளவுக்கு நெகிழ்ந்துவிடுகிறது. பிறகு சுமையைக் குறைத்துச் சோதனையைத் தொடங்கும்போது அங்கே தங்கிவிட்ட அமுக்கத் தகைவு (உலோகத்தை நெருக்கும் உள்ளழுத்தம்) விரிசலைப் பிடித்து வைப்பதால், உலோகம் இருப்பதைவிட உறுதியானதாகத் தோன்றும். உறுப்புகளை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பது என்று தீர்மானிப்போர் இந்தச் சோதனை தரும் வேகத்தை நம்புகிறார்கள் என்பதால், இது ஆபத்தான பக்கம் சாயும் பிழை. முன்விரிசலின் முடிவில் உள்ள உச்சத் தகைவுச் செறிவு (விரிசல் முனையில் தகைவு எவ்வளவு கடுமையானது என்பதன் அளவு), சோதனைத் தொடக்கத்தின் உச்சத்தைத் தாண்டக் கூடாது என்றும், உச்சச் சுமையை ஒரு படிக்கு 20 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்றும் இச்சோதனைக்கான ஏஎஸ்டிஎம் இ647 தரநிலை சொல்வது இதனால்தான்.

அடுத்தது, ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து நீளத்தைக் குறிப்பது. 12.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டில் முன்முகத்தில் விரிசல் 21.0, பின்முகத்தில் 24.6 மில்லிமீட்டர் என்றால், வேறுபாடு தடிமனின் கால் பங்கைத் தாண்டிவிட்டது. அந்தத் தரவு செல்லாது. பெரும்பாலும் துண்டைப் பொறியில் பிடிக்கும் பிடிப்பானின் ஊசி சரியாக நேர்ப்படாததே காரணமாக இருக்கும்.

அடிக்கடி அளந்தால் துல்லியம் கூடும் என்ற எண்ணமும் தவறானது. ஒவ்வோர் அளவிலும் 0.05 மில்லிமீட்டர் பிழை இருக்கலாம் என்னும்போது, 0.1 மில்லிமீட்டருக்கு ஒருமுறை அளந்தால், கிடைக்கும் வளர்ச்சி சுழியமாகவும் இருக்கலாம், 0.2 ஆகவும் இருக்கலாம். சுமையளவியைச் சரிபார்க்காமல் விடுவதும் இதற்குக் குறைந்ததன்று: விரிசல் வேகம் தகைவுச் செறிவு வீச்சின் ஓர் அடுக்குக்கு ஏற்ப மாறும் என்னும் பாரிஸ் விதியில் அந்த அடுக்கு 3 எனில், சுமையில் 5 சதவீதப் பிழை வேகத்தில் ஏறக்குறைய 16 சதவீதமாகப் பெருகும்.

துண்டில் மின்னோட்டம் செலுத்தி, மின்னழுத்த மாற்றத்தைக் கொண்டு விரிசல் நீளத்தைக் கணிக்கும் மின்னழுத்த வீழ்ச்சி முறையைக் கையாள்வோர், வெவ்வேறு உலோகக் கம்பிகள் சேரும் இடத்தில் வெப்பத்தால் எழும் சிறு மின்னழுத்தத்தை விரிசலின் வளர்ச்சி என்று கணக்கிட்டுவிடாதபடி, மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றி அளக்க வேண்டும். துண்டைப் பிடிப்பானிலிருந்து மின்காப்பும் செய்திருக்க வேண்டும்.

சோதனை முடிந்ததும் துண்டைப் பிளந்து பார்ப்பதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. தடித்த துண்டில் விரிசல் நடுப்பகுதியில் முந்தி ஓடி, புறத்தில் பின்தங்கும். வெளியே கண்ட நீளம் உண்மையைக் குறைத்துக் காட்டியிருக்கக்கூடும். பிளந்த முகத்தில் விரிசல் முனையின் வளைவைத் தடிமனின் குறுக்கே பல இடங்களில் அளந்து, கணக்கைத் திருத்த வேண்டும். அந்த முகங்களைக் கையால் தொடாமலும், மீண்டும் பொருத்திப் பார்க்காமலும் உலர்வாகப் பாதுகாப்பது அவசியம்.