யாரோ வாங்கிய கடன், உங்களுக்கு வரும் போன்: செய்யக்கூடாத தவறுகள்

இலை பறிக்கக் கிளம்புகிற நேரம் பார்த்து போன் அடிக்கும். "சார், இந்த மாசம் டியூ இன்னும் கட்டலையே?" கேட்கிற பெயர் உங்களுடையது இல்லை. வண்டி நம்பர் சொல்கிறார்கள், அந்த வண்டியை நீங்கள் பார்த்ததே இல்லை. "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறீர்கள். மதியம் வேறொரு நம்பர், வேறொரு குரல், அதே பெயர், அதே வண்டி. நம் நீலகிரியில், கோத்தகிரியிலிருந்து பந்தலூர் வரை யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை கையில் இருக்கும்.

பெரும்பாலும் காரணம் பழைய சிம்தான். ஒரு இணைப்பு துண்டிக்கப்பட்டால் குறைந்தது 90 நாள் அந்த எண்ணை வேறு யாருக்கும் தரக்கூடாது என்பது விதி. அதற்குப் பிறகு அது புது சிம்மாகக் கடைக்கு வந்துவிடும். நம் மலையில் சிம் மாறுவதற்குக் காரணம் கொஞ்சம் அதிகம். ஒரு பள்ளத்தில் ஒரே ஒரு கம்பெனியின் டவர்தான் எடுக்கும், அடுத்த மேட்டில் அதுவும் எடுக்காது. வேலைக்காகத் திருப்பூருக்கோ கோவைக்கோ இறங்கிப் போகிறவர் அங்கே ஒரு சிம் வாங்கிக்கொள்கிறார், பழையது ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போகிறது. ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட கடன் பத்திரத்தில் பழைய எண் அப்படியே இருக்கிறது. அந்த எண் இன்றைக்கு உங்கள் சட்டைப்பையில்.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியலைத் தொலைத்தொடர்புத் துறை வெளியிடுகிறது. அதைப் பார்த்து வாடிக்கையாளர் விவரங்களைச் சுத்தம் செய்யுங்கள் என்று 2025 ஜனவரி 17 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. ஆகவே "நம்பர் கைமாறினது எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று இனி எந்த நிறுவனமும் சுலபமாகக் கேட்டுவிட முடியாது. புகார் எழுதும்போது இந்தத் தேதி உதவும்.

கட் பண்ணுவதும் பிளாக் பண்ணுவதும்

எல்லோரும் முதலில் செய்வது இதுதான், பலன் குறைவானதும் இதுதான். உங்களை அழைப்பவர் பெரும்பாலும் வங்கி ஊழியர் இல்லை, வசூலுக்கு எடுத்த ஏஜென்சியின் ஆள். எண்களின் பட்டியல் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டு வரிசையாக டயல் ஆகிறது. பேசி முடித்ததும் அவர் ஒரு குறிப்பைப் பதிய வேண்டும்: கட்டுவதாகச் சொன்னார், மறுத்தார், எடுக்கவில்லை, தவறான எண், இப்படி ஏதாவது ஒன்று. நீங்கள் பாதியில் கட் பண்ணினால் "தவறான எண்" என்று அவர் பதிவார் என்பதற்கு என்ன நிச்சயம்? நழுவுகிற கடன்காரர் என்று நினைத்தால் மறுபடி அழைப்புதான். அவர் ஒழுங்காகப் பதிந்தாலும் அது அந்த ஏஜென்சியோடு நின்றுவிடலாம். வேலை வேறு ஏஜென்சிக்கு மாறினால் பழைய பட்டியலே அங்கேயும் போகும்.

அதனால் ஒரே ஒரு முறை, ஒரு நிமிடம் பொறுத்துப் பேசுங்கள். கடன் கொடுத்த வங்கி அல்லது பைனான்ஸ் எது, பேசுகிறவர் பெயர் என்ன, எந்த ஏஜென்சி, இந்த மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை விடாதீர்கள், மற்ற இரண்டும் கிடைத்த வரை லாபம். பிறகு, "நீங்கள் கேட்கும் ஆள் நான் இல்லை, இந்த எண் இப்போது என்னுடையது, தவறான எண் என்று பதியுங்கள்" என்று சொல்லி வைத்துவிடலாம். கடன் கொடுத்தவர் யார் என்று தெரிந்த பிறகு எத்தனை நம்பரை வேண்டுமானாலும் பிளாக் பண்ணுங்கள், அதில் தப்பே இல்லை.

"நான் அவர் இல்லை" என்று நிரூபிக்கக் கிளம்புவது

இது பெரிய தவறு. "அப்போ உங்க பேர் என்ன? ஆதார்ல கடைசி நாலு நம்பர் சொல்லுங்க, செக் பண்ணி எடுத்துடறோம்" என்பார்கள். நாம் கடன் வாங்கவில்லை என்ற தைரியத்தில் கடகடவென்று சொல்லிவிடுகிறோம். நிரூபிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பெயர், ஊர், பிறந்த தேதி, ஆதார், பான், வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ, எதையும் தராதீர்கள். எதிரே இருப்பவர் உண்மையான வசூல்காரராகவே இருந்தாலும் உங்கள் விவரம் அவருடைய பதிவில் ஏறுவதால் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. மோசடிக்காரராக இருந்தால் அவர் வந்ததே அதற்குத்தான். அவர் அனுப்பும் லிங்க், இன்ஸ்டால் பண்ணச் சொல்லும் ஆப், வந்த ஓ.டி.பி. எல்லாமே இதில் சேர்த்திதான். புது சிம்மில் பழைய உரிமையாளரின் வங்கி ஓ.டி.பி. வந்து விழுந்தால் அழித்துவிடுங்கள், யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள்.

"சரி சரி, வெள்ளிக்கிழமை கட்டிடறேன், ஆளை விடுங்க" என்று கிண்டலாகவோ சலிப்பிலோ சொல்வதும் உண்டு. அது கட்டுவதாக அளித்த வாக்கு என்று பதிவாகும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரியாக போன் வரும். "ஐநூறு மட்டும் போடுங்க, பைலை மூடிடலாம்" என்றால் அந்த ஐந்நூறையும் போடாதீர்கள். பணம் கட்டிய பிறகு, எனக்கும் இந்தக் கடனுக்கும் சம்பந்தமில்லை என்று வாதாடுவது கஷ்டம்.

உதவி செய்கிறேன் என்று வழி சொல்வது

நம் ஊரில் இது தனிச் சிக்கல். ஹட்டி என்கிற படுகர் ஊர்களிலும், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எஸ்டேட் லைனிலும் யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. பெயரைக் கேட்டதும் "அவரா, மேல் லைன்ல இருந்தாரே, இப்போ மகன்கூட அவிநாசியில இருக்கார்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அந்த நிமிடமே நீங்கள் ஆளைத் தெரிந்தவர் ஆகிவிடுகிறீர்கள், இனி தினமும் உங்களுக்குத்தான் போன். தவிர, அந்த மனிதர் கடன்பட்ட கதையை உங்களிடம் சொல்வதே முறையில்லை. கடன் வாங்கியவரின் குடும்பத்தார், நண்பர்கள், ரெபரன்ஸாகப் பெயர் கொடுக்கப்பட்டவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடுவது, ஓயாமல் போன் போடுவது, மிரட்டுவது, அசிங்கமான செய்தி அனுப்புவது கூடாது என்று 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கடன்காரரையே காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக்கூடாது. மகளிர் குழுக் கடன் போன்ற மைக்ரோ பைனான்ஸுக்கு இன்னும் இறுக்கம்: காலை 9 முதல் மாலை 6 வரைதான்.

தெரிந்தவர் என்றால் நீங்களே அவரிடம் தனியாக விஷயத்தைச் சொல்லி, எண்ணை மாற்றச் சொல்லுங்கள். ஏஜென்சிக்கு வழிகாட்ட வேண்டாம்.

உண்மையிலேயே ராங் நம்பர்தானா?

இதைப் பார்க்காமல் சண்டை போடுவது இன்னொரு தவறு. சில சமயம் உங்கள் எண்ணைத் தெரிந்தவர் யாராவது ரெபரன்ஸாகக் கொடுத்திருப்பார். அதனால் நீங்கள் ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு, அது உங்கள் பொறுப்பும்தான். குழுக் கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழுவதும் அப்படியே. கையெழுத்துப் போட்டோமா இல்லையா என்று வீட்டில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

அவர்கள் கேட்பது உங்கள் பெயரையே என்றால், அதுவும் நீங்கள் வாங்காத கடன் என்றால், அது ராங் நம்பர் இல்லை, ஆள்மாறாட்டம். யார் எவ்வளவு கடன் வாங்கினார் என்ற விவரத்தைத் திரட்டி வைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பாருங்கள். தெரியாத கடன் இருந்தால் அங்கேயே திருத்தம் கோரலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று விதி இருக்கிறது. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். உங்களுடையது இல்லாத எண்ணை அங்கேயே சுட்டிக்காட்டலாம்.

தவறான கதவைத் தட்டுவது

1909-க்குப் புகார் செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள் பலர். அது விளம்பரத் தொல்லைக்கானது, கடன் வசூல் அதில் நிற்காது. ஏஜென்சிக்காரரிடம் கத்துவதும் வீண். எண்ணை அழிக்கும் அதிகாரம் கடன் கொடுத்த நிறுவனத்திடம் இருக்கிறது, எனவே எழுத்தில் அங்கேதான் போக வேண்டும். எல்லா வங்கியும் பைனான்ஸும் தங்கள் தளத்தில் குறைதீர்ப்பு அதிகாரி, நோடல் அதிகாரி முகவரிகளைப் போட்டிருக்கும். கடன் கணக்கு எண் உங்களுக்குத் தெரியாதே என்று கவலை வேண்டாம், உங்கள் மொபைல் எண்ணை வைத்தே அவர்களால் தேட முடியும். மின்னஞ்சல் இவ்வளவு போதும்:

"இந்த மொபைல் எண் என் பெயரில் உள்ளது. உங்கள் நிறுவனத்தின் கடன் தொடர்பாக இன்னார் பெயரைக் கேட்டு, கீழ்க்கண்ட தேதி, நேரங்களில், இந்த எண்களிலிருந்து அழைப்புகள் வந்தன. அவருக்கும் எனக்கும் தொடர்பில்லை. என் எண்ணை உங்கள் பதிவுகளிலிருந்தும் வசூல் ஏஜென்சிகளிடமிருந்தும் நீக்கி, எழுத்தில் உறுதிசெய்யவும்."

அழைப்புப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்துவிடுங்கள். அடையாள அட்டை நகல் இதற்குத் தேவையில்லை. புகார் எண் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணில் தமிழில் வழி கேட்கலாம். ஆனால் அந்தத் திட்டம் வாடிக்கையாளர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. "நீங்கள் எங்கள் வாடிக்கையாளரே இல்லையே" என்ற தடை வரலாம். அதனால்தான் முதல் மின்னஞ்சலைச் சோம்பல் இல்லாமல் எழுதச் சொல்கிறேன், பெரும்பாலும் அதுவே வேலையை முடிக்கும்.

மிரட்டல், கெட்ட வார்த்தை, உங்கள் போட்டோவை மார்பிங் செய்து அனுப்புவோம் என்கிற பேச்சு வந்தால் வங்கிக் கடிதத்தோடு நிறுத்தாதீர்கள். குற்ற மிரட்டல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆவது பிரிவில் வருகிறது. உள்ளூர் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அது பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பணம் போயிருந்தால் தாமதமில்லாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

சில நேரம் ஆளே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கூடலூர்ப் பக்கம் மலையாளத்திலும் கன்னடத்திலும் பேசிக்கொண்டு வந்து நிற்பதும் உண்டு. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்துக் கதை கேட்பது நம் வழக்கம், இவர்களுக்கு அது வேண்டாம். அடையாள அட்டையையும் நிறுவனம் கொடுத்த அனுமதிக் கடிதத்தையும் வாசலிலேயே கேளுங்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், "வந்து பார்த்ததுக்கு ஒரு சைன்" என்று கேட்டாலும்.

உங்கள் பழைய சிம்மை விடுவதற்கு முன் வங்கி, கேஸ், குழு, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றிலும் புது எண்ணை மாற்றிவிடுங்கள். ஆதாரில் எண் மாற்ற நேரில் போக வேண்டியிருந்தால், ஊட்டிக்கோ குன்னூருக்கோ போகிற அன்றைக்கே சேர்த்து முடித்துவிடலாம்.