கருந்துளை இணைவுகளின் பட்டியலைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவி பதிவு செய்த முதல் ஈர்ப்பலை (வெளியை நெளித்தபடி பரவும் அலை), ஏறத்தாழ 36, 29 சூரிய நிறை கொண்ட இரு கருந்துளைகளின் இணைவிலிருந்து வந்தது. லைகோ, விர்கோ கருவிகளின் மூன்றாம் நோக்குக்காலம் 2020-இல் முடிந்தபோது, அவை கண்டறிந்த இணைவுகளின் பட்டியலில் 90 நிகழ்வுகள் சேர்ந்திருந்தன. நியூட்ரான் விண்மீன்கள் பங்கேற்ற சில நிகழ்வுகளும் அதில் அடங்கும்.

இந்தப் பட்டியலை அண்டத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாக எடுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நிறை கூடிய இணைவு உரத்த அலையை எழுப்புவதால், அது வெகு தொலைவிலிருந்தும் கருவிக்கு எட்டுகிறது. தலா 10 சூரிய நிறையுள்ள ஓர் இணையையும் தலா 30 சூரிய நிறையுள்ள இன்னோர் இணையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எட்டும் தொலைவு நிறையின் 5/6 அடுக்கில் வளர்வதால், கருவி கண்காணிக்கும் கன அளவு 5/2 அடுக்கில் பெருகுகிறது. அதாவது மும்மடங்கு நிறைக்கு ஏறத்தாழ 15 மடங்கு. இரு வகையும் அண்டத்தில் சம எண்ணிக்கையில் இருந்தாலும், ஒன்றுக்குப் பதினைந்து என்ற விகிதத்தில் கனமானவையே நம் கைக்கு வந்து சேரும். இதைச் சரிசெய்ய, ஆய்வாளர்கள் செயற்கைக் குறிகைகளை உண்மைத் தரவுக்குள் கலந்துவிட்டு, குறிகைகளைத் தேடும் கணினி நிரல் அவற்றில் எத்தனையைக் கண்டுபிடிக்கிறது என்று அளக்கிறார்கள். அந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான் 10 சூரிய நிறைக்கு அருகில் உள்ளவையே மிகுதி என்பதும், 35-க்கு அருகில் இன்னொரு சிறிய மேடு இருப்பதும் தெரிகின்றன.

அண்டம் விரிவதால் அலை நீண்டு வருகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கருவி நேரடியாக உணர்வது, செந்நகர்ச்சியுடன் (அலை எவ்வளவு நீண்டது என்பதைக் காட்டும் எண்) ஒன்றைக் கூட்டி, அந்தத் தொகையால் மூல நிறையைப் பெருக்கிய மதிப்பையே. தொலைவைக் கணித்து அந்தப் பெருக்கத்தை நீக்காமல் நிறைகளை ஒப்பிடுவது பொருளற்றது.

தனி நிகழ்வுகளின் மதிப்பீடுகளை அப்படியே அடுக்கிக் கூட்டுவது இன்னொரு பிழை. அதை நான் முதல் தவறுக்கு அடுத்த இடத்தில் வைப்பேன். ஒவ்வொரு மதிப்பீட்டிலும், தரவைப் பார்ப்பதற்கு முன்பே வைத்துக்கொண்ட ஓர் அனுமானம் கலந்திருக்கிறது. 2019 மே 21 அன்று பதிவான ஜிடபிள்யூ190521 நிகழ்வின் இரு கருந்துளைகளுக்கும் முதலில் அறிவிக்கப்பட்டவை ஏறத்தாழ 85, 66 சூரிய நிறைகள். இணை நிலையின்மையால் (மையத்தில் எலக்ட்ரான்-பாசிட்ரான் இணைகள் உருவாகி அழுத்தம் குறைவதால்) மாபெரும் விண்மீன்கள் எச்சமின்றி வெடித்துச் சிதறுவதால் கருந்துளைகள் அரிதாகும் என்று எதிர்பார்க்கப்படும் நிறை இடைவெளிக்குள் கனமானது விழுந்ததால் அது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஆனால் இலகுவான கருந்துளை அந்த இடைவெளிக்குக் கீழே இருக்கும் என்ற வேறோர் அனுமானத்துடன் அதே தரவை ஆராய்ந்தவர்களுக்கு, கனமானது இடைவெளிக்கு மேலே போய்விடவும் இடம் கிடைத்தது. ஆகவே எல்லா நிகழ்வுகளையும் ஒரே படிநிலை மாதிரியில் (கூட்டத்தையும் அதன் தனி உறுப்புகளையும் அடுக்கடுக்காக விவரிக்கும் புள்ளியியல் மாதிரி) வைத்து, தொடக்க அனுமானத்தை வகுத்து நீக்கிவிட்டு, கூட்டத்தின் இயல்பையும் தனி நிகழ்வுகளின் இயல்பையும் சேர்த்தே கணிக்க வேண்டும்.

தற்சுழற்சியில் வரும் குழப்பம் வேறு வகை. நன்றாக அளக்க முடிவது, இரு தற்சுழற்சிகளும் சுற்றுப்பாதையின் அச்சுத் திசையில் தரும் நிறை சார்ந்த சராசரி மட்டுமே. அது பூச்சியத்தை ஒட்டியிருந்தால் கருந்துளைகள் சுழலவில்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. அவை சுற்றுப்பாதைத் தளத்திலேயே சாய்ந்து சுழலலாம், அல்லது எதிரெதிராகச் சுழன்று ஒன்றையொன்று ஈடுசெய்யலாம்.

35 சூரிய நிறை மேட்டைக் கண்டதும் அதை இணை நிலையின்மையின் தடயம் என்று எழுதிவிடுவதும் அவசரமே. மேடு இருப்பது தரவு சொல்வது; அதன் காரணம் கோட்பாடு சொல்வது. அடர்ந்த விண்மீன் கொத்துகளில் நிகழும் இணைவுகளும் அதற்குப் பங்களிக்கலாம். மாதிரியில் எதைச் சேர்க்கிறோம் என்பதும் முடிவை மாற்றும்: ஜிடபிள்யூ190814-இன் 2.6 சூரிய நிறைத் துணையைக் கருந்துளையாகக் கணக்கில் எடுத்தால், நிறைப் பரவலின் கீழ் எல்லையே இடம்பெயர்கிறது.

இணைவு வீதத்தைச் சொல்லும்போது எந்தச் செந்நகர்ச்சியில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த 90 நிகழ்வுகள் அடங்கிய மூன்றாம் பட்டியலின்படி, 0.2 செந்நகர்ச்சியில் ஒரு கன கிகாபார்செக்குக்கு (ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 326 கோடி ஒளியாண்டு நீளமுள்ள கனசதுரத்துக்கு) ஆண்டுக்கு 18 முதல் 44 கருந்துளை இணைவுகள் நிகழ்கின்றன. தொலைவுக்குப் போகப் போக அந்த வீதம் உயர்வதால், ஒரே எண்ணை அண்டம் முழுவதற்கும் பொருத்த முடியாது.