அந்த ஆடு தாவட்டும்: வகுப்பறை அனிமேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களிமண் பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் படமெடுத்து, எல்லாவற்றையும் கோத்து ஓடவிடும் அனிமேஷனுக்கு ஒரு டேப் (கைக்கணினி) போதும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதில் சொக்கிப்போகிறார்கள். அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் புதிய ஆசிரியர்கள் கொண்டுவரும் படங்களைப் பார்க்கும்போது, நாங்கள் தொடக்கத்தில் இடறிய இடங்களிலேயே அவர்களும் இடறுவது தெரிகிறது. டேபைச் சார்ஜ் செய்வது, அதன் நினைவகத்தில் இடம் காலி செய்வது எல்லாம் தானே பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கதைக்கு முன் கருவி

முதலில் தாளை ஆறு கட்டங்களாக மடித்துக் கதையை வரையச் சொல்லுங்கள். டேப் அதற்குப் பிறகு வரட்டும்.

ஜன்னலோரம்

வேண்டாம். ஒரு மேகம் கடந்தாலும் படம் மினுக்கும்.

பிள்ளைகளின் படத்தை ஆசிரியர் சீராக்குவது

என்னை இன்றும் கோபப்படுத்துவது இதுதான். ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புக் குழு ஒன்று, கிணற்றடிக்குத் தண்ணீர் தேடி வரும் ஆட்டைப் பற்றிப் படமெடுத்தது. பாதி வழியில் ஆடு திடீரென்று ஒரு முழம் தாவிவிடுகிறது. நடுவில் யாரோ படமெடுக்க மறந்திருக்கிறார்கள். ஆசிரியை டேபை வீட்டுக்குக் கொண்டுபோய் அந்தப் பகுதியை வெட்டினார். பின்னணி இசை சேர்த்தார். ஒரு சிறுமி தன் தொண்டையிலிருந்து எழுப்பிய ஆட்டின் கத்தலை நீக்கிவிட்டு, இணையத்தில் கிடைத்த ஒலியை வைத்தார். வீட்டுத் தமிழில் இருந்த உரையாடலையும் தன் குரலில் 'நல்ல தமிழில்' மறுபதிவு செய்தார். ஆண்டு விழாவில் கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

சேதம் அடுத்த படத்தில் தெரிந்தது. அதே குழு பொம்மைகளைச் செய்து மேசையில் அடுக்கிவிட்டு, டேபை ஆசிரியையின் முன்னால் வைத்துக் காத்திருந்தது. "நீங்களே எடுங்க மிஸ், அப்பத்தான் நல்லா வரும்" என்றான் ஒருவன்.

அந்தத் தாவலில் ஒரு கணக்குப் பாடமே இருந்தது. நொடிக்கு 12 படங்கள் ஓடினால் 10 நொடிக்கு 120 படங்கள் வேண்டும். நொடிக்கு 5 என்றால் 50 போதும், தொடக்கப்பள்ளிக்கு அதுவே தாராளம். ஒவ்வொரு படத்துக்கும் ஆட்டை 1 செ.மீ. நகர்த்தினால் நடக்கும், 4 செ.மீ. நகர்த்தினால் ஓடும். வேகம் என்றால் என்ன என்று பிள்ளை தன் விரலால் கண்டுபிடிக்கும் இடத்தைத்தான் ஆசிரியை வெட்டி எறிந்தார். 1967இல் சிறுவர்களுக்காக லோகோ கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், பிழையை அழித்துவிட்டு நகராமல் அதை ஆராய்ந்து திருத்துவதே கற்றல் என்று வலியுறுத்தினார். களிமண் ஆட்டுக்கும் இது பொருந்தும்.

ஆகவே, படத்தை அப்படியே திரையில் ஓடவிடுங்கள். ஆடு தாவும் இடத்தில் நிறுத்தி, "இங்கே என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வர நேரமாகும். பொறுத்திருங்கள். மறுபடி எடுக்க வேண்டுமா என்பதைக் குழு முடிவு செய்யட்டும். சில குழுக்கள் தாவலையே கதையாக்கிக்கொள்ளும். பழைய வடிவத்தை அழிக்காதீர்கள், இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது நடக்கும் பேச்சு அருமையானது. வீட்டுத் தமிழையும் தொடாதீர்கள். ஆடு மேய்க்கும் பாட்டி பாடநூல் நடையில் பேசமாட்டார்.

தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் பளபளப்பான ஒன்றைக் காட்டவேண்டிய நெருக்கடி இருப்பதை அறிவேன். அதற்கு நீங்களே தனியாக ஒரு படம் எடுங்கள்.

ஒரே கையில் டேப்

துணிச்சலான பையனே கடைசிவரை வைத்திருப்பான். பத்துப் படத்துக்கு ஒருமுறை கை மாறட்டும்.

வயதுக்குப் பொருந்தாத செயலி

அடுத்த கட்டமாக நிரலாக்கத்துக்குப் போகும் ஆசிரியர்கள் இரண்டாம் வகுப்புக்கு ஸ்கிராட்ச் (கட்டளைத் துண்டுகளை அடுக்கி நிரல் எழுதும் செயலி) கொடுத்துத் திணறுகிறார்கள். அது 8 வயது முதலானவர்களுக்காக உருவானது. ஸ்கிராட்ச் ஜூனியர் 5 முதல் 7 வயதினருக்கானது, இலவசமாகக் கிடைக்கிறது. அதன் கட்டளைகள் பெரும்பாலும் படங்களாகவே இருப்பதால், இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையும் தடையின்றித் தொடங்கலாம்.

முகங்கள்

பிள்ளைகளின் முகம் தெரியும் காட்சிகளை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். பொம்மைகள் தெரிந்தால் போதும்.