சைக்கிளிலிருந்து இறங்கி ஓடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கன்டெய்னர் லாரிகளின் வரிசை நீளுவதற்கு முன், எண்ணூர் விரைவுச் சாலையில் சைக்கிள் மிதித்துவிட்டு, திருவொற்றியூர்ப் பக்கம் வண்டியைப் பூட்டி வைத்து உடனே ஓடத் தொடங்கும், டிரையத்லானுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி) பயிற்சி எடுப்பவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். சென்ற மாதம் அவர்களில் ஓர் இளைஞர், குதிகால் தரையில் படாமல், முன்பாதத்தை மட்டும் ஊன்றிப் பிடிவாதமாக ஓடிக்கொண்டிருந்தார். எனக்கு மனம் பதைத்தது. பல ஆண்டுகளுக்கு முன் அதே சாலையில் நான் செய்த தவறு அது. தண்ணீர் குடிக்காமல் ஓடுவது, போட்டி நாளில் புது ஷூ அணிவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

முன்பாதத்தில் இறங்குவதே நல்ல ஓட்டம் என்று நம்புவது

நிறுத்திக் கேட்டபோது அந்த இளைஞர், "குதிகால்ல இறங்கினா முட்டி போயிடும்னு வீடியோல சொன்னாங்கண்ணா" என்றார். இந்த அரைகுறை உண்மை இன்னும் எத்தனை பேரின் கால்களைக் கெடுக்குமோ என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. குதிகாலில் இறங்கும்போது முழங்காலுக்குச் சுமை கூடுகிறது என்பது சரிதான். ஆனால் முன்பாதத்துக்கு மாறினால் அந்தச் சுமை மறைந்துவிடுவதில்லை. கெண்டைக்கால் தசைக்கும், குதிகாலுக்கு மேலுள்ள தடித்த தசைநாணுக்கும், விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய பாத எலும்புகளுக்கும் இடம் மாறுகிறது. தசை சில வாரங்களில் பழகிக்கொள்ளும். எலும்பும் தசைநாணும் பழகுவதற்கு மாதங்கள் ஆகும்.

வெறும் ஓட்டக்காரரைவிட நமக்கு இதில் ஆபத்து அதிகம். ஒலிம்பிக் தூரப் போட்டியில் 1.5 கிலோமீட்டர் நீந்தி, 40 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்த பிறகே 10 கிலோமீட்டர் ஓட்டம் வருகிறது. நீச்சலில் விரல்நுனியை நீட்டி உதைத்ததாலும், பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் பெடலை அழுத்தியதாலும் ஏற்கெனவே இறுகிப்போன கெண்டைக்காலின் மீதுதான் அந்தப் புதுச் சுமையையும் ஏற்றுகிறோம்.

நான் ஒரே வாரத்தில் மெல்லிய அடி கொண்ட ஷூவுக்கு மாறி, வழக்கமான தூரத்தை அப்படியே ஓடினேன். மூன்றாவது வாரம் வலது பாதத்தின் மேற்புறத்தில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் வலி தொடங்கியது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததால் தசைப்பிடிப்பு என்று எண்ணி மேலும் பத்து நாள் ஓடினேன். எலும்பின் நுண்விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது இரண்டாவது பாத எலும்பில் விரிசல் இருந்தது. ஓட்டத்தை நிறுத்தி இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். அவ்வாண்டுப் போட்டி கைவிட்டுப் போயிற்று. ஓடும்போது எலும்பின் மீது ஒரே புள்ளியில் வலித்தால், எக்ஸ்ரே என்ன சொன்னாலும், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் மீண்டும் செல்லுங்கள்.

கவனிக்க வேண்டியது பாதத்தின் எந்தப் பகுதி முதலில் படுகிறது என்பதை அல்ல, பாதம் உடலுக்கு எவ்வளவு முன்னால் விழுகிறது என்பதையே. முழங்கால் விறைத்து, கால் வெகுதூரம் முன்னால் விழுந்தால், ஒவ்வோர் அடியும் நம்மைப் பின்னோக்கித் தள்ளும் பிரேக்காகிவிடுகிறது. முழங்கால் சற்று மடங்கி, பாதம் இடுப்புக்குக் கீழே, உடலை ஒட்டியே விழுந்தால், குதிகால் முதலில் பட்டாலும் பெரிய கெடுதல் இல்லை.

இதைத் திருத்த எளிய வழி, அடிகளைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுவதுதான். வலது கால் 30 விநாடியில் எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். அந்த இளைஞருக்கு 39 வந்தது. அதாவது நிமிடத்துக்கு 156 அடி. அதே வேகத்தில் 41 ஆக்கச் சொன்னேன். 164 அடி, ஏறத்தாழ ஐந்து சதவீத உயர்வு. இருநூறு மீட்டர் கடப்பதற்குள் அவருடைய ஷூ தார்ச்சாலையில் எழுப்பிய 'தப், தப்' என்ற சத்தம் பாதியாகக் குறைந்ததை இருவருமே கேட்டோம். எல்லோரும் 180 அடி வைத்தாக வேண்டும் என்பதை நம்ப வேண்டாம். அந்த எண் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஓடிய தலைசிறந்த வீரர்களைப் பார்த்து எண்ணியதிலிருந்து பரவியது. அவர்களுடைய வேகம் வேறு, நம்முடைய வேகம் வேறு.

இடுப்பில் மடங்கி ஓடுவது

சைக்கிளில் குனிந்திருந்ததால் இடுப்பின் முன்தசைகள் இறுகி, இறங்கிய பிறகும் உடல் அதே குனிவில் நின்றுவிடுகிறது. சாய்வு கணுக்காலிலிருந்து வர வேண்டும். இடுப்பு நிமிர்ந்திருக்க வேண்டும். கடைசி இரண்டு கிலோமீட்டரில் கியரைக் குறைத்து, எழுந்து நின்று சிறிது நேரம் மிதித்தால் இறங்கும்போது உடல் எளிதாக நிமிரும்.

முதல் கிலோமீட்டரில் பாய்வது

சைக்கிள் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஓட்டம் மெதுவாகவே தோன்றும், கடிகாரத்தை நம்புங்கள்.

கையை மார்புக்குக் குறுக்கே வீசுவது

வேண்டாம்.

சாலையின் ஒரே ஓரத்தில் ஓடுவது

மழைநீர் வடிவதற்காகச் சாலை இரு ஓரங்களிலும் சரிந்திருக்கும். போகும்போதும் வரும்போதும் எதிரே வரும் லாரியைப் பார்த்து வலப்பக்கமே ஓடினால், ஒரே கால் எப்போதும் பள்ளத்தில் விழும். அதனால் வாரத்தில் ஓரிரு நாளாவது சமமான மைதானத்தில் ஓடுங்கள்.

சைக்கிள் பயிற்சி முடிந்த ஒவ்வொரு முறையும் நெடுந்தூரம் ஓடுவது

வாரத்தில் ஒரு நாள், இறங்கியவுடன் 15 நிமிடம் போதும். அந்த 15 நிமிடமும் வலது கால் விழும் எண்ணிக்கையில் மட்டும் கவனம் இருக்கட்டும்.