கச்சானிலும் தேனீ வரும் வளவு

திருகோணமலையில் தேனீக்குத் தோட்டம் போடுபவர் மாரியை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. மாரியில் தும்பையும் வேலிப்பூக்களும் தாமாகவே பூத்துவிடும். வைகாசியில் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் புரட்டாதி வரை பூவும் நீரும் அருகிப்போகும். அந்த மாதங்களுக்குப் பூ வைப்பதுதான் உண்மையான வேலை.

மரங்களை ஐப்பசி மழையோடு நடுங்கள். நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கத்து மணலில் நீர் தங்காது. அதனால் ஒன்றரை அடி ஆழக் குழியின் அடியில் பொச்சுமட்டைகளைக் குழிவான பக்கம் மேலே பார்க்க அடுக்கி, ஒரு வாளி மக்கிய மாட்டெருவை மேல்மண்ணோடு கலந்து நிரப்புங்கள். எலுமிச்சை, கறிவேப்பிலைக்கு இது போதும். முருங்கைக்கு 3 அடித் தடி ஒன்று வேண்டும். குழியில் நீர் தேங்கினால் தடி அழுகும்.

துளசியை ஒன்றரை அடி இடைவெளியில் ஆறு செடியாவது ஒரே இடத்தில் வையுங்கள். தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே தேடும். அங்கொன்று இங்கொன்றாக நட்டால் பயன் குறைவு. பூத்து முடிந்த கதிர்களை மூன்று செடிகளில் மட்டும் வெட்டி, மூன்று வாரம் கழித்து மற்ற மூன்றிலும் வெட்டினால் பூ அறாது. சித்திரை மழையில் விதைத்த எள்ளு ஐந்தாறு வாரத்தில் பூக்கும். ஆவரசும் எருக்கலையும் வேலியோரம் நின்றால் பிடுங்கவேண்டாம். வரட்சியைத் தாங்குபவை அவைதான். அடுக்குச் செவ்வரத்தை பார்க்க அழகு, ஆனால் அதன் மகரந்தத் தாள்கள் இதழாக மாறிவிட்டதால் ஒற்றைப்பூ அளவுக்குத் தேனீக்கு உதவாது.

தண்ணீருக்கு அகலமான மண்சட்டியில் கூழாங்கல் பரப்பி, கல்லின் தலை வெளியே தெரிய ஊற்றுங்கள். கல் இல்லாவிட்டால் தேனீ மூழ்கிச் சாகும். இரண்டு நாளுக்கொருமுறை நீரைக் கொட்டி, சட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும்.

எல்லாத் தேனீயும் கூட்டமாக வாழ்வதில்லை. கத்தரிப்பூவின் மகரந்தம் நுனியிலுள்ள சிறு துளையால்தான் உதிரும். அதை இறகுத் தசையை அதிரவைத்து உதிர்க்கும் தனித்தேனீக்களில் பல மண்ணில் வளை தோண்டுபவை. வெயில் படும் ஓரத்தில் ஒரு சதுர மீற்றரைக் கொத்தாமல், குப்பை மூடாமல் விடுங்கள். இலைவெட்டித் தேனீக்கு 15 சென்ரிமீற்றர் நீள மூங்கில் துண்டுகள், துளை 5 முதல் 10 மில்லிமீற்றர், பின்பக்கம் கணுவால் மூடியபடி வேண்டும். கட்டாகக் கட்டி, மாரிச்சாரல் எட்டாத தாழ்வாரத்தில் அசையாமல் பொருத்துங்கள். ஆடினால் தேனீ கூடு வைக்காது. பழைய சுவர் வெடிப்பில் மெழுகுக்குழாய் நீட்டியிருந்தால் அது கொட்டாத சிறுதேனீயின் வாசல். சீமெந்து பூசி அடைக்காதீர்கள்.

பூசணிப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் உடனே உரத்தை அள்ளிப் போடவேண்டாம். பெரும்பாலும் மகரந்தம் சேராததே காரணம். பூ விடியலில் விரிந்து முற்பகலிலேயே சுருங்கிவிடும். அந்த நேரத்தில் மருந்தடித்தால் தேனீயும் போகும், காயும் போகும். வேப்பெண்ணெய்க் கரைசலானாலும் பொழுது சாய்ந்தபின், பூவில் படாமல் இலைக்கடியில் மட்டும் தெளியுங்கள். இமிடாகுளோபிரிட் போல செடிக்குள் ஊடுருவும் மருந்துக்கு மாலை நேரமும் காவல் அல்ல. அது தேனிலும் மகரந்தத்திலும் சேரும். பூக்கும் செடிக்கு அதைத் தொடவே கூடாது.