உரிமம் இல்லாத வீட்டுக் காப்பகத்தில் குழந்தையை விடும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியவை

பேறுகால விடுப்பு முடிய இரண்டே வாரம் இருக்கும்போது, கேட்ட காப்பகங்கள் எல்லாம் காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்ட நிலையில், தம் வீட்டிலேயே நான்கைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரைப் பற்றித் தெரிந்தவர் யாராவது சொன்னால், எந்தப் பெற்றோரும் அந்த வீட்டுக் கதவைத் தட்டத்தான் செய்வார்கள். அவர்களை அக்கறையற்றவர்கள் என்று பேசுவது எளிது. அந்தப் பேச்சில் உண்மையும் இல்லை, குழந்தைக்குப் பயனும் இல்லை. அவர்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால்தான், போன பிறகு எதைப் பார்க்கத் தவறுகிறார்கள் என்பதும் புரியும்.

முதல் காரணம் கைக்குழந்தைகளுக்கு இடம் கிடைக்காதது. பல நாடுகளின் விதிகளில் ஒரு வயதுக்குட்பட்ட மூன்று அல்லது நான்கு குழந்தைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தைகள் என்றால் ஒருவரே எட்டுப் பத்துப் பேரைப் பார்த்துக்கொள்ளலாம். அதாவது ஒரு பணியாளரின் சம்பளத்தைப் பத்துக் குடும்பங்கள் பகிர்வதற்குப் பதிலாக மூன்றே குடும்பங்கள் சுமக்க வேண்டியிருக்கிறது. அதனால் காப்பகங்கள் கைக்குழந்தைகளைக் குறைவாகவே சேர்க்கின்றன, சேர்த்தாலும் கட்டணம் எட்டாத உயரத்தில் நிற்கிறது. அடுத்தது வேலை நேரம். இரவுப் பணியும் விடுமுறை நாள் பணியும் செய்கிறவர்களுக்கு, மாலை ஆறு மணிக்குக் கதவை மூடும் காப்பகத்தால் என்ன பயன்? அக்காவையும் தம்பியையும் ஒரே இடத்தில் விட முடிவது, வீட்டு மொழியிலேயே குழந்தையிடம் பேசுவது, இலேசான சளி என்றால் திருப்பி அனுப்பாதது, கட்டணத்தை ஒரு வாரம் தள்ளிக் கொடுக்க முடிவது என மற்றக் காரணங்களும் உண்டு. சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் குழந்தையை இரண்டு மூன்று இடங்களில் மறுத்த பிறகு, மனமுவந்து ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் அவராகவும் இருக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் நம்பிக்கை இருக்கிறது. “அந்த அம்மா நல்லவங்க” என்ற ஒரு சொல், எந்தச் சான்றிதழையும் விடப் பெற்றோருக்குப் பெரிதாகத் தெரிகிறது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: நல்ல மனது வேறு, பாதுகாப்பான வீடு வேறு. வீட்டுக் காப்பகங்களில் நேரும் விபத்துகள் பலவும் கெட்டவர்கள் கையில் நேர்வதில்லை; ஒருவர் தனியாக, தம்மால் முடிந்ததை விட அதிகமான குழந்தைகளை வைத்துக்கொண்டு, யாரும் வந்து சரிபார்க்காத வீட்டில் இருக்கும்போது நேர்கின்றன. உரிமம் என்பது அவர் நல்லவர் என்று கொடுக்கும் பட்டமல்ல. வெளியாள் ஒருவர் வந்து படுக்கையையும் குளியலறையையும் வெளியேறும் வழியையும் பார்த்தார், குழந்தைகளை எண்ணினார், குற்றப் பின்னணி விசாரித்தார் என்பதே அதன் பொருள். உரிமம் இல்லாத இடத்தில் அந்த வெளியாளின் வேலையைப் பெற்றோரே செய்தாக வேண்டும்.

அதற்கு முதலில், உரிமம் இல்லை என்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓரிரு குழந்தைகளை மட்டும் பார்த்துக்கொள்பவருக்கும் உறவினருக்கும் உரிமமே தேவையில்லை என்று பல இடங்களில் சட்டம் விலக்கு அளிக்கிறது, அது குற்றமல்ல. உரிமம் பெற்றாக வேண்டிய எண்ணிக்கையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு பெறாமல் நடத்துவது வேறு. முன்பு இருந்த உரிமம் ரத்தானது மூன்றாவது வகை, இதில் யோசிக்கவே வேண்டாம், அங்கே குழந்தையை விடாதீர்கள். உங்கள் பகுதியில் உரிமம் வழங்கும் அலுவலகத்தைத் தொடர்புகொண்டு, எத்தனை குழந்தைகள் வரை விலக்கு உண்டு, இந்த முகவரியின் மேல் புகார் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்ற இரண்டையும் கேளுங்கள்.

பிறகு வீட்டைப் போய்ப் பாருங்கள். ஒருமுறை சொல்லிவிட்டும், இன்னொரு முறை சொல்லாமல், குழந்தைகள் தூங்கும் நேரத்திலும் போக வேண்டும். என் மகளுக்கு மூன்று மாதம் இருந்தபோது நானும் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கூடம் துடைத்துவைத்தாற்போல் இருந்தது. அந்த அம்மாவின் தோளில் ஒரு குழந்தை நிம்மதியாகச் சாய்ந்திருந்தது. உள்ளறையில் மென்மையான மெத்தையின் மேல் இன்னொரு கைக்குழந்தை குப்புறப் படுத்திருக்க, உருண்டு விழாமல் இருப்பதற்காக மடித்த போர்வை ஒன்று அதன் கன்னத்தை ஒட்டி அணைகொடுத்திருந்தது. அந்தப் போர்வையை வைத்தது அன்புதான். ஆனால் அந்த வயதில் மூச்சுக்கு ஆபத்தானவை என்று சொல்லப்படும் மூன்றும் ஒரே படுக்கையில் இருந்தன.

தூக்கத்தைப் பற்றி இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே நிகழும் சிசு மரணம் முதல் ஆறு மாதங்களில்தான் மிக அதிகம். இரண்டாம் மாதம் முதல் நான்காம் மாதம் வரை அதன் உச்சம். குழந்தையை மல்லாந்து படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் 1990-களின் தொடக்கத்தில் பல நாடுகளில் நடந்த பிறகு, அந்த மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. எனவே உறுதியான, சமதளமான படுக்கையில், தனியாக, தலையணையும் தளர்வான போர்வையும் பொம்மையும் இல்லாமல், ஒவ்வொரு முறையும் மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும். வீட்டில் மல்லாந்து தூங்கிப் பழகிய குழந்தையைப் புது இடத்தில் திடீரென்று குப்புறப் போடுவது, எப்போதும் குப்புறப் படுப்பதை விடவும் ஆபத்தானது. “குப்புறப் போட்டால்தான் நன்றாகத் தூங்குகிறது” என்று அவர் சொன்னால் விளக்குங்கள். விளக்கிய பிறகும் தயங்கினால் அங்கே விடாதீர்கள். கார் இருக்கையிலோ ஊஞ்சல் இருக்கையிலோ தூங்கவிடும் பழக்கம் உண்டா என்றும் கேளுங்கள், ஏனென்றால் தலை முன்னால் சரிந்து மூச்சுக்குழாய் அடைபடக்கூடும்.

அடுத்து, எண்ணுங்கள். அவர் சொல்லும் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பள்ளி விட்ட பிறகு வருகிறவர்களையும் அவருடைய சொந்தப் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணுங்கள். தீப்பிடித்தால் ஒரே நடையில் எல்லாரையும் அவரால் வெளியே கொண்டுவர முடியுமா என்பதே நான் வைத்துக்கொண்ட அளவுகோல். நடக்கத் தெரியாத குழந்தைகள் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் இரண்டு கைகள் போதாது. அவருக்கே உடம்புக்கு முடியாமல் போனால் யார் வருவார், அவசரத்துக்கு உதவும் இன்னொரு பெரியவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பதும் இதோடு சேர்ந்த கேள்விகளே.

வீட்டைச் சுற்றி வரும்போது உங்கள் கண் தரை மட்டத்தில் இருக்கட்டும், தவழும் குழந்தையின் உலகம் அங்கேதான் இருக்கிறது. குளியலறையில் தண்ணீர் நிரப்பிய வாளி இருந்தால் அதுவே போதிய எச்சரிக்கை: சில சென்டிமீட்டர் ஆழத்தில்கூடக் குழந்தை மூழ்கிவிடும், அதுவும் சத்தமே இல்லாமல். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரி விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கும். அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரைகள், சுத்தம் செய்யும் திரவங்கள், திரைச்சீலைக் கயிறுகள், மேசை விளிம்பில் வைத்த சூடான பானம் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை நீங்களே அழுத்திப் பாருங்கள், அவர் தவறாக நினைக்க மாட்டார்.

முதலுதவி தெரியுமா என்று மட்டும் கேட்டால் எல்லாரும் தெரியும் என்றே சொல்வார்கள். தொண்டையில் ஏதாவது சிக்கினால் என்ன செய்வீர்கள், செய்து காட்டுங்கள் என்று கேளுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறச் சாய்த்து முதுகில் ஐந்து முறை தட்டி, அடைப்பு விலகாவிட்டால் மல்லாத்தி மார்பில் ஐந்து முறை அழுத்த வேண்டும். வயிற்றை அழுத்தும் முறை அந்த வயதுக்கு ஆகாது. அவருக்குத் தெரியவில்லை என்றால் அதற்காகவே விலகிப் போக வேண்டியதில்லை. வகுப்புக்கான கட்டணத்தை நீங்களே ஏற்றுக்கொண்டு அனுப்பிவைக்கலாம்.

நான் மிக முக்கியம் என்று நினைக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: “அரை மணி நேரமாக அழுகை நிற்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?” பொறுமை இழந்த ஒரு நொடியில் கைக்குழந்தையைக் குலுக்கிவிடுவது மூளையில் இரத்தக்கசிவை ஏற்படுத்தி உயிரையே பறிக்கலாம். “நான் வளர்த்த எந்தக் குழந்தையும் அப்படி அழுததே இல்லை” என்பது எனக்குத் திருப்தி தரும் பதில் அல்ல. குழந்தையைப் பத்திரமாகப் படுக்கையில் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் விலகி நிற்பேன், உங்களைக் கூப்பிடுவேன் என்று சொல்பவர் தம்மையும் அறிந்தவர், குழந்தையையும் அறிந்தவர்.

பகலில் அந்த வீட்டில் வேறு யார் யார் இருப்பார்கள், யாருடன் குழந்தை தனியாக இருக்க நேரும் என்பதை நாணமில்லாமல் கேளுங்கள். இப்போதோ முன்போ அங்கே குழந்தையை விட்ட இரண்டு குடும்பங்களுடன் பேசுங்கள். முன்பு விட்டவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்பதில்தான் செய்தி இருக்கும். முடிவானதும் நேரம், கட்டணம், தூங்கவைக்கும் முறை, மருந்து கொடுக்கும் அனுமதி, யார் வந்தால் குழந்தையை அனுப்பலாம், மருத்துவருடைய எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

முதல் வாரம் முழு நாளும் விடாதீர்கள். முதல் நாள் நீங்களும் கூடவே இருங்கள், அடுத்த நாள் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று கூட்டிக்கொண்டே போகலாம். பிரியும்போது அழுவது இயல்பு. ஆனால் சொல்லாமல் வந்தால் கதவைத் திறக்கத் தாமதமாவது, அழைத்துவரும்போது நாள்தோறும் அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம், காரணம் சொல்லப்படாத காயம், பழகிய பிறகும் அந்த வீட்டு வாசலைக் கண்டதும் உடல் விறைப்பது ஆகிய எதுவும் இயல்பல்ல. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மாற்று ஏற்பாடு கிடைக்கும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே நிறுத்துங்கள். காயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் காத்திருப்போர் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடாதீர்கள். அவர் உண்மையிலேயே நல்ல பராமரிப்பாளர் என்றால், உரிமத்துக்கான விண்ணப்பத்தை ஒருநாள் மாலை அவருடன் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். பலர் விண்ணப்பிக்காமல் இருப்பது விதிகளை மறுத்து அல்ல, அந்தப் படிவத்தைப் பார்த்து மலைத்துப்போய்த்தான்.