பட்டன் கண்முன்னே இருக்கிறது, டெஸ்ட் "இல்லை" என்கிறது: ஆப்பியத்தில் எங்கே தேடுவது?

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்காரர்களுக்காக நாங்கள் மூன்று பேர் ஒரு சின்ன ஆண்ட்ராய்டு ஆப் செய்துகொண்டிருக்கிறோம். செந்தூரா, மல்கோவா, பெங்களூரா என்று ரகங்கள் வரிசையாக வரும். ஒன்றைத் தொட்டு, எடையும் விலையும் போட்டு, "கொள்முதல்" பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் ஆப். இதற்கு ஆப்பியத்தில் (மொபைல் ஆப்பைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவி) பைத்தான் கொண்டு எழுதிய டெஸ்ட்தான் "நோ சச் எலிமெண்ட்" (அப்படி ஒரு உறுப்பு இல்லை) என்று ஒரு வாரம் என்னைப் படுத்தியது. அந்த ஒரு வாரத்தில் கற்றதை, நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: டெஸ்ட் என்ன பார்த்தது என்று பாருங்கள்

லொக்கேட்டரை (பட்டனை எப்படித் தேடுவது என்று டெஸ்டுக்குச் சொல்லும் அடையாளம்) மாற்றி மாற்றிப் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். டெஸ்ட் தோற்கும் இடத்தில் ஸ்கிரீன்ஷாட்டையும் பேஜ் சோர்ஸையும் கோப்பாகச் சேமிக்கச் சொல்லுங்கள். பேஜ் சோர்ஸ் என்பது அந்த நொடியில் திரையில் இருந்தவற்றின் எக்ஸ்எம்எல் மரம். நாம் பார்ப்பது படத்தை. ஆப்பியம் தேடுவது இந்த மரத்தில்.

மரத்தில் உங்கள் பட்டன் இருக்கிறதா? இருந்தால் அடுத்த இரண்டு படிகள். இல்லையென்றால் நேராகப் படி 4.

படி 2: அவசரப்பட்டதா?

தோற்ற பிறகுதான் மரத்தைச் சேமிக்கிறோம். அந்த இடைவெளிக்குள் பட்டன் வந்து சேர்ந்திருக்கலாம். ஆப்பியத்தில் இம்ப்ளிசிட் வெயிட்டின் (எல்லாத் தேடலுக்கும் பொதுவான காத்திருப்பு) இயல்பான அளவு 0. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கைவிரித்துவிடும். வீட்டு பிராட்பேண்டில் ஓடிய எங்கள் டெஸ்ட், ஓசூர் பஸ்ஸில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஓட்டியபோது விழுந்தது இதனால்தான்.

வெப்டிரைவர் வெயிட்டை (ஒரு குறிப்பிட்ட நிபந்தனைக்காகக் காத்திருக்கும் எக்ஸ்ப்ளிசிட் வெயிட்) 10 நொடிக்கு வைத்து, "பட்டன் தொடத்தக்கதாகும் வரை" என்று நிபந்தனை கொடுங்கள். அது அரை நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும், வந்தவுடன் நகர்ந்துவிடும். ஸ்லீப் போட்டால் பட்டன் வந்தாலும் வராவிட்டாலும் முழு நேரமும் சும்மா உட்கார்ந்திருக்கும். இம்ப்ளிசிட், எக்ஸ்ப்ளிசிட் இரண்டையும் கலக்காதீர்கள். எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

படி 3: லொக்கேட்டர் சரியா?

ஆப்பியம் இன்ஸ்பெக்டரை (திரையையும் அதன் மரத்தையும் காட்டும் கருவி) திறந்து பட்டனைச் சொடுக்கினால் அதன் பண்புகள் வலப்பக்கம் வரும். டெவலப்பர் வைத்த அடையாளமான அக்சஸிபிலிட்டி ஐடி அல்லது ரிசோர்ஸ் ஐடி இருந்தால் அதையே எடுங்கள். இன்ஸ்பெக்டர் தரும் நீளமான எக்ஸ்பாத்தை (மரத்தில் உறுப்பு இருக்கும் இடத்துக்கான பாதை) அப்படியே ஒட்ட வேண்டாம். நடுவில் ஒரு லேஅவுட் கூடினாலும் போச்சு.

திரையில் தெரியும் எழுத்தை வைத்துத் தேடுவதும் ஆபத்துதான். மண்டியில் ஒருவர் "பெங்களூரான்னு யார் சொல்றாங்க, கிளிமூக்குன்னு போடுங்க தம்பி" என்றார். மாற்றினோம். ஆறு டெஸ்ட்கள் ஒரே நாளில் விழுந்தன.

தமிழில் ஆப் செய்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. "கொள்முதல்" பட்டன் மரத்தில் இருந்தது. எழுத்து அதேதான். டெஸ்ட் இல்லை என்றது. அந்தக் கோப்பிலேயே நான் தட்டச்சு செய்து தேடினேன், அங்கேயும் கிடைக்கவில்லை! கடைசியில் இரண்டு சொற்களின் நீளத்தையும் பைத்தானில் அச்சிட்டுப் பார்த்தேன். என்னுடையது 9, ஆப்பில் இருந்தது 10.

யூனிகோடில் "கொ" எழுத இரண்டு வழி இருக்கிறது. ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். இல்லையென்றால் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வரலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். கோ, கௌ வரிசைகளிலும் இதே கதைதான். ஆப்பில் உள்ள சொற்களை எல்லாம் ஒருமுறை என்எஃப்சி (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். டெவலப்பரிடம் ஒரு ஐடி கேட்டு வாங்கிவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

படி 4: மரத்திலேயே இல்லை

முதலில் மரத்தில் "பேக்கேஜ்" பண்பைப் பாருங்கள். உங்கள் ஆப்பின் பெயருக்குப் பதில் பர்மிஷன் கன்ட்ரோலர் என்று இருந்தால், லொக்கேஷன் அனுமதி கேட்கும் பெட்டி முன்னால் நிற்கிறது. ஆட்டோ கிராண்ட் பர்மிஷன்ஸ் அமைப்பை ஆன் செய்யுங்கள்.

நீளமான பட்டியலா? ரிசைக்ளர் வியூவில் (ஆண்ட்ராய்டில் நீளமான பட்டியலைக் காட்டும் உறுப்பு) திரைக்கு வராத வரிசை பொதுவாக மரத்துக்கும் வராது. எங்கள் பட்டியலில் கிளிமூக்கு கடைசியில் இருந்தது. பெரிய போனில் ஓடிய டெஸ்ட் சின்ன போனில் தோற்றது. யுஐ ஸ்க்ரோலபிள் கொண்டு அந்த வரிசைவரை உருட்டிவிட்டுத் தேட வேண்டும்.

ஆப்புக்குள் வலைப்பக்கம் திறந்தால் அது வெப்வியூ. கான்டெக்ஸ்ட் பட்டியலை (ஆப்பியம் தேடக்கூடிய சூழல்கள்) கேட்டு, நேட்டிவ் ஆப்பிலிருந்து வெப்வியூவுக்கு மாறுங்கள். பட்டியலில் வெப்வியூவே வரவில்லையென்றால், டெவலப்பர் வெப் டீபக்கிங்கை இயக்கவில்லை என்று பொருள் கொள்ளலாம்.

ஜெட்பேக் கம்போஸில் (ஆண்ட்ராய்டு திரைகளைக் கோடில் எழுதும் கருவித்தொகுப்பு) செய்த திரை என்றால் டெஸ்ட் டேக் (டெஸ்டுக்காக வைக்கும் பெயர்) வைத்தால் மட்டும் போதாது. டேக்குகளை ரிசோர்ஸ் ஐடியாகக் காட்டும் செமான்டிக்ஸ் அமைப்பையும் ட்ரூ ஆக்கினால்தான் ஆப்பியத்துக்குத் தெரியும்.

படி 5: பத்து தடவை ஓட்டுங்கள்

ஒரு தடவை பச்சை வந்ததும் லேப்டாப்பை மூடாதீர்கள். தொடர்ந்து 10 தடவை ஓட்டுங்கள், அதில் பாதியைச் சின்ன போனில், மொபைல் டேட்டாவில். பத்தில் ஒன்றிரண்டு மட்டும் விழுந்தால் படி 2-க்குத் திரும்புங்கள். பத்தும் விழுந்தால், சேமித்து வைத்த எக்ஸ்எம்எல் கோப்பை மறுபடி திறங்கள்.